எனக்கு மட்டும் வந்த செய்திகள்

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் சந்நிதித் தெருவை விட்டு வெளிநாடு சென்றவர்களுக்காக என் மகன் இணையத்தில் ஓர் அரட்டை அறை அமைத்தான். கல்லூரிப் பேராசிரியராக ஓய்வு பெற்றிருந்த என்னிடம் அதன் நிர்வாகப் பக்கத்தை ஒப்படைத்தான். நான் வகுத்த விதி ஒன்றே: வடகலை, தென்கலை வழக்கை அங்கே எவரும் எழுப்பலாகாது. சுவாமி புறப்பாட்டில் எந்தத் துதியை முதலில் சேவிப்பது என்று வீதியில் நடக்கும் சச்சரவே போதும். மீறினால் வாய்ப்பூட்டு.

"ம்யூட் பண்ணினது அவாளுக்கே தெரியாதுப்பா," என்று மகன் தொலைபேசியில் விளக்கினான். "எழுதினது அவா திரையில இருக்கும். மத்தவாளுக்குப் போகாது. நிர்வாகப் பக்கத்துல உங்களுக்கு மட்டும் தெரியும்."

முதலில் மீறியவர் என் கல்லூரித் தோழர். மற்றக் கலையைச் சேர்ந்தவர். கனடாவில் மகளோடு இருந்தார். யாரோ அனுப்பிய கருடசேவை வீடியோவைப் பார்த்துவிட்டு, "உங்க கோஷ்டி சத்தத்துக்குப் பயந்துதான் பெருமாள் இவ்வளவு வேகமா ஓடறார்," என்று எழுதினார். சிரித்தேன்; பூட்டினேன். நண்பர் என்பதால் விட்டுவிட்டார் என்று எவரும் சொல்ல நான் இடம் தருபவன் அல்லன்.

அவர் தினமும் எழுதினார். "ஓய், மழை உண்டா?" "தாமல் ஏரி நிரம்பித்தா?" காப்பி அருந்தியபடி படிப்பேன். மனைவி காலமான பின் அந்த வீட்டில் காலையில் என்னைத் தேடி வந்த பேச்சு அது ஒன்றே.

ஒரு நாள், "நான் சொன்னது தப்புன்னா திட்டும் ஓய். இப்படிப் பேசாம இருக்காதீர்," என்றிருந்தது.

பூட்டைத் திறக்க மனம் ஒப்பவில்லை. ஆனால் நான் பதில் எழுதுவதை விதி தடுக்கவில்லை. பொது அறையிலேயே எழுதினேன்: "ஏரி நிரம்பிவிட்டது. கலங்கலில் உபரி நீர் வழிகிறது. உம் மூட்டுவலி எப்படி?" உடனே பதில் வந்தது. சில நாள் நன்றாகப் பேசினோம். மற்றவர்களுக்கு என் பாதி மட்டுமே தெரியும் என்பதை நான் எண்ணவில்லை.

"மாமா, யாரோட பேசிண்டிருக்கேள்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"விடு, பாவம். தனியா இருக்கார். வயசாச்சு," என்று ஒருவன் அவளுக்கு எழுதினான்.

அதைத் தோழரும் படித்தார். "அப்போ நான் எழுதறது யாருக்கும் போகலையா ஓய்? நீர்தான் பூட்டினீரா?"

பூட்டைத் திறந்தேன். "என் நண்பர் இங்கே இருக்கிறார். அவரோடுதான் பேசினேன்," என்று அறையில் அறிவித்தேன். அவர் ஒரு சொல் எழுதினால் போதும்; என் சித்தம் தெளிவாக இருக்கிறது என்று தெருவே நம்பியிருக்கும்.

அவர் பெயருக்கு எதிரே பச்சைப் புள்ளி எரிந்தது. அவர் எழுதவில்லை. அது அணையும்வரை அமர்ந்திருந்தேன். பிறகு மகன் தொலைபேசியில் அழைத்து, எனக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டான்.