டாக்டரம்மா வராத சாயங்காலம்

சாமுவேல் சாரின் அழைப்பு வந்தபோது, பட்டறையில் சாக்கின்மேல் கிடந்த செவலைக்கு நான் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். முந்தைய நாள் சத்தி ரோட்டில் ஒரு வேன் அடித்துப் போட்டுவிட்டுப் போன தெருநாய் அது. முன்னங்கால்கள் ஊன்றின, இடுப்புக்குக் கீழே அசைவே இல்லை. டாக்டரம்மா வந்து பார்த்து வலிக்கு ஊசி போட்டிருந்தார். "நாளைக்குச் சாயங்காலம் வர்றனுங். வெச்சுப் பாக்கறதா, ஊசி போட்டு அனுப்பிப்போடறதான்னு அப்ப முடிவு பண்ணிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் அவர் வீட்டிலிருந்து போன் என்றதும், வரும் நேரத்தை மாற்றச் சொல்கிறார் என்றே நினைத்தேன். "ஸ்டெல்லா போயிட்டா தம்பி" என்றார் அவருடைய கணவர் சாமுவேல் சார். காலையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டாராம். எனக்கு அழக்கூடத் தோன்றவில்லை. செவலையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கணபதி வட்டாரத்தில் உங்களில் பலருக்கு டாக்டர் ஸ்டெல்லாவைத் தெரிந்திருக்கும். அரசு கால்நடை மருத்துவமனையில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு, அடிபட்ட தெருநாய்களுக்கென்று தன் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டார். கார் தெருவில் வெயிலிலும் மழையிலும் நின்றது. சாமுவேல் சார் முணுமுணுத்தால், "காரு நனஞ்சா தொடச்சுக்கலாம். புண்ணு நனஞ்சா நான்தான ராவெல்லாம் முழிக்கோணும்" என்பார்.

நான் நாய்ப்பிரியன் ஒன்றும் இல்லை. என் லேத் பட்டறை வாசலில் படுத்திருந்த ஒன்று கால் ஒடிந்து கத்திய கத்தலில் வேலை ஓடவில்லை. அதைத்தான் கோணிப்பையில் சுற்றித் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன். கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்பது என் கணக்கு. அவர் விடவில்லை.

"தலையப் புடிங்க மொதலாளி."

"கடிக்குமுங்களா?"

"கடிச்சா உங்களுக்கும் ஒரு ஊசி போட்டுடறேன், புடிங்க."

இரண்டே ஆட்கள் வேலை செய்யும் பட்டறைக்குச் சொந்தக்காரன் நான். கடைசிவரை அவருக்கு நான் மொதலாளிதான். கட்டு நிற்பதற்குத் தோதான பட்டை கிடைக்கவில்லை என்று அன்று அவர் அலுத்துக்கொண்டார். மறுநாள் ஒரு பிளாஸ்டிக் பைப்பை நெடுக்காகப் பிளந்து, சூடு காட்டி நாயின் காலுக்கு ஏற்ப வளைத்து, ஓரத்தை மழுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங், இத்தன நாளா எங்கீங்க இருந்தீங்க?" என்றார். அந்த ஒரு கேள்வியில் நான் விழுந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அடிபட்ட நாய் எங்கே கிடந்தாலும் அவருடைய ஸ்கூட்டரும் என்னுடைய மினி ஆட்டோவும் சேர்ந்துதான் போயின.

கருப்பியின் கதையை நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அதற்கும் செவலைக்கு வந்த கதிதான், இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. ஆனால் இரண்டாம் நாளே முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு பட்டறைப் பூனையைத் துரத்தியது. "இதுக்குப் போக மனசில்லீங், ஒரு வண்டி செஞ்சு குடுங்க" என்றார் டாக்டரம்மா. அலுமினியக் குழாயில் சட்டம் அடித்து, சின்னச் சைக்கிள் சக்கரம் இரண்டைப் பொருத்தினேன். செய்வதைத் திருந்தச் செய்வோம் என்று, பம்ப்செட்டுக்குப் போடும் நல்ல பேரிங்காகவே போட்டேன். விரலால் தட்டினால் சக்கரம் நின்றபாடில்லை. எங்கள் பட்டறை வீதி சாக்கடைப் பக்கமாகச் சரிவு என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை. கருப்பி இரண்டு எட்டுத்தான் வைத்தது. அப்புறம் வண்டி நாயை இழுத்துக்கொண்டு போனது. நான் ஓடிப் போய்ச் சாக்கடை ஓரத்தில் பிடித்தேன். டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் ஸ்கூட்டர் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏனுங் மொதலாளி, தண்ணி எறைக்கறதுக்கா அது போகுது?" பேரிங்கைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் இறுக்கமாக நைலான் புஷ் போட்டுக் கொடுத்தேன். கருப்பி அந்த வண்டியோடு பேக்கரி வாசலில் பன் தின்று கொழுத்து, வயதாகித்தான் செத்தது.

எல்லாம் அப்படி முடியவில்லை. வெள்ளையன் என்று ஒரு கிழட்டு நாய். உள்ளே என்னவோ கிழிந்திருந்தது. டாக்டரம்மாவுக்கு அதன்மேல் ஒரு தனிப் பிரியம். குளுக்கோஸ் ஏற்றினார், கஞ்சியைச் சிரிஞ்சில் ஊட்டினார், நாளைக்குச் சரியாகும் என்றே தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மதியம் நான் போனபோது ஷெட்டில் தரையில் உட்கார்ந்திருந்தார். நாய் உயிரோடுதான் இருந்தது. "என்னால முடியலீன்னு ஒத்துக்க மனசு வராம, இத இத்தன நாளா நோவுல வெச்சுப்போட்டனுங்" என்றார். முப்பது வருடத்துக்கு மேல் வைத்தியம் பார்த்த மனுஷி தேம்பித் தேம்பி அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரே ஊசி போட்டார். மூச்சு அடங்கும்வரை அதன் காதைத் தடவியபடி பேசிக்கொண்டே இருந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் எல்லாம் முடிந்து கிளம்பும்போது சாமுவேல் சார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த நாய் எப்படி இருக்குது தம்பி? காலைலகூட அதப்பத்தித்தான் பேசிட்டு இருந்தா."

"என்ன பண்ணலாம்னு சொன்னாங்க சார்?"

"ஒண்ணும் சொல்லல. சாயங்காலம் பாத்தாத்தான் தெரியும்னா."

பட்டறைக்குத் திரும்பியதும் வண்டி செய்ய ஆரம்பித்துவிட்டேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவர் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார் என்று எனக்கு நானே அடித்துச் சொல்லிக்கொண்டேன். பார்க்க வந்த வேறொரு டாக்டர், "தேறாதுங்க, ஊசி போட்டுடலாம். உங்க இஷ்டம்" என்றார். அப்புறம் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன். இவருக்கு என்ன தெரியும் என்று கோபம்கூட வந்தது. செவலை சோற்றைத் தொடவில்லை. பேக்கரிப் பன்னை மூக்கருகில் வைத்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது. இடுப்பில் படுக்கைப் புண் வைத்தது. அளவெடுக்கத் தூக்கினால் முனகியது. ஆனாலும் நான் சட்டத்தை அறுத்துக்கொண்டும் ராவிக்கொண்டும் இருந்தேன். டாக்டரம்மா கடைசியாகத் தொட்ட நாய் அது. அவர் வந்து பார்ப்பதாகச் சொன்ன நாய். அது இருக்கும்வரை அந்தச் சாயங்காலம் இன்னும் வர வேண்டியிருக்கிறது என்று ஒரு பைத்தியக்கார எண்ணம் எனக்கு.

வண்டி முடிந்தது. செவலையை அதில் ஏற்றி வாரைக் கட்டினேன். அது நடக்க முயலவில்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, நான் எப்போது அவிழ்த்துவிடுவேன் என்று காத்திருந்தது. சும்மா காத்திருந்தது, அவ்வளவுதான். இந்த நாயை நான் யாருக்காக வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் என்னைக் கேட்டுக்கொண்டேன். செவலைக்காக இல்லை. வாரை அவிழ்த்து அதைச் சாக்கில் படுக்க வைத்துவிட்டு, அந்த டாக்டருக்குப் போன் செய்தேன்.

அவர் வந்து மருந்தை எடுக்கும்போது, "நீங்க வெளிய இருங்க, பாக்க வேண்டாம்" என்றார். இல்லை என்றேன். தரையில் உட்கார்ந்து செவலையின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். மூச்சு அடங்கும்வரை கையை எடுக்கவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை. டாக்டரம்மாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது இதுதான். இனி எந்த நாய் வந்தாலும், காப்பாற்ற முடிந்தாலும் முடியாவிட்டாலும், தலையைப் பிடித்துக்கொள்ள நான் இருப்பேன்.

டாக்டர் கை கழுவப் போய்விட்டார். அவருக்கு அடுத்த இடத்தில் வேலை இருந்தது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீங்களாக இருந்திருந்தால் உடனே எழுந்து போயிருக்க மாட்டீர்கள், டாக்டரம்மா. என் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, "செரியாத்தான் பண்ணியிருக்கறமுங்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பீர்கள். நான் சரியாகத்தான் செய்தேனா? அதை நீங்கள் சொல்லிக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது.