சுமலதா நடத்தாத பாடம்

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ஒரு பாடத்தின் பக்கங்கள் மட்டும் எந்த வருஷமும் கசங்காது. வளரிளம் பருவம். ‘நீங்களே படிச்சிக்குங்க’ என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவார்கள். எங்கள் பக்கத்து ஆரணியிலிருந்து பஸ் மாறி வரும் சுமலதா டீச்சர்தான் அதை நடத்தியே தீருவேன் என்று நின்றவர். உடம்பு மாறுவதோடு, யார் தொடக்கூடாது, தொட்டால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துச் சொல்ல நினைத்தார். கல்யாணம் ஆகாதவர் என்பதால், “இந்தம்மாவுக்கு இதெல்லாம் இன்னா தெரியும்?” என்று ஸ்டாஃப் ரூமிலேயே சிரித்தார்கள். பக்கத்து மேசையில் தமிழ் நோட்டு திருத்திக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தலைமையாசிரியர் பயந்தாங்கொள்ளி. பெற்றோர் நேரில் வந்து சம்மதம் சொன்னால் நடத்துங்கள் என்று புதன்கிழமை காலை கூட்டம் போட்டார். கும்மிடிப்பூண்டியில் புதன்கிழமை காலை எந்தப் பெற்றோர் சும்மா இருக்கிறார்கள்? பாதிப் பேர் கம்பெனியில். மீதிப் பேர் நைட் ஷிப்ட் முடித்துத் தூக்கத்தில்.

சுமலதா முந்தின நாள் விடியற்காலையிலேயே கம்பெனி வேன் நிற்கும் இடத்துக்குப் போனார். ஏறுகிற அவசரத்திலும் நிறையப் பேர், “நல்லதுதான டீச்சர், சொல்லிக் குடுங்க” என்றார்கள். அது தலைமையாசிரியரிடம் செல்லாது. எட்டாம் வகுப்புத் தணிகைச்செல்வியின் அம்மா கங்கம்மா வேன் ஜன்னலில் தலையை நீட்டி, “எனக்கு லீவு தர மாட்டாங்க டீச்சர். எந்தம்பி ஊட்லதான் கீறான், அவன அனுப்பறேன். புள்ளைய அவன்தான் பாத்துக்கினு கீறான்” என்றாள்.

கங்கம்மாவின் தம்பி அப்பாவு வெள்ளைச் சட்டையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தான்.

“இன்னா டீச்சர் இது? பொம்பளப் புள்ளைங்களாண்ட பேசற பேச்சா? எங்க ஊட்டுப் புள்ளைய எப்டி வளக்கணும்னு எங்களுக்குத் தெரியாதா?”

வந்திருந்த சிலரும் கை தட்டினார்கள். தலைமையாசிரியருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பாடம் நின்றது.

தை மாதம் தணிகைச்செல்விக்கு மஞ்சள் நீராட்டு விழா. பஸ் ஸ்டாப்பில் ஆளுயர பேனர். பட்டுப் புடவையில் பிள்ளை, பக்கத்தில் கூலிங் கிளாஸ் போட்ட தாய்மாமன் அப்பாவு. வகுப்புக்குள் பேசக்கூடாததை ஊருக்கே அச்சடித்துக் கட்டியிருந்தான் மகராசன். விழாவில் அவன் மாலை போட வந்தபோது பிள்ளை பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டாள். வெட்கம் என்று எல்லோரும் சிரித்தார்கள். சுமலதா சிரிக்கவில்லை.

மறுபடி பள்ளிக்கு வந்த அன்று பிள்ளை எங்கள் மேசைக்கு வந்தாள்.

“டீச்சர், அந்த கிளாஸ்ல இன்னா சொல்லியிருப்பீங்க?”

“உனக்குப் பிடிக்காம யாராவது தொட்டா வேணாம்னு சொல்லணும். உடனே அம்மாகிட்ட சொல்லணும்.”

“அம்மா ஷிப்டுக்குப் போனா மாமாதான் ஊட்ல கீது. மாமாதான் டீச்சர் தொடுது.”

சுமலதா அந்த நிமிஷமே குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். விசாரிக்க வந்தவர்கள் தனியாக உட்காரவைத்துப் பொறுமையாகத்தான் கேட்டார்கள். அதற்குள் கங்கம்மா பிள்ளையிடம் பேசிவிட்டிருந்தாள்.

“டீச்சர்தான் அப்டி சொல்லச் சொன்னாங்க” என்றாள் தணிகைச்செல்வி.

வெளியே கங்கம்மா சுமலதாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “அவன் ஜெயிலுக்குப் பூட்டா ஊரே பேசும் டீச்சர். அப்புறம் இவள யாரு கட்டுவாங்க?”

அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

வேறு பள்ளியில் சேர்க்கப் போவதாகச் சொல்லி டி.சி. வாங்க அப்பாவுதான் வந்தான், கங்கம்மாவுக்கு ஷிப்ட். “குடுக்காதீங்க சார்” என்று சுமலதா கெஞ்சினார். “அவங்க புள்ளம்மா, நாம இன்னா பண்றது?” என்றார் தலைமையாசிரியர். பாதுகாவலர் என்ற இடத்தில் அப்பாவு கையெழுத்துப் போட்டான். போகும்போது, “வரேன் டீச்சர்” என்று கும்பிடு வேறு.

நாங்கள் வாசல் வரை ஓடினோம். பைக்கில் ஏறிய பிள்ளை, புத்தகப் பையைத் தோளிலிருந்து கழற்றித் தனக்கும் மாமனுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள்.

அப்பாவு கையைப் பின்னால் விட்டு அந்தப் பையை உருவி, பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.