நான்கு ஆணி அடித்த கட்டுமரம்

ராயபுரத்து மீனவர் தெருப் பிள்ளைகளுக்கு மீன்பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். சிரிக்க வேண்டாம், அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். சுதந்திரம் வந்த புதிது. பிள்ளைக்குத் தெரிந்த தொழிலை விளையாட்டாக்கி, அதன் வழியே பாடம் நடத்து என்று ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பிள்ளைக்குத் தெரிந்தது வாத்தியாருக்குத் தெரியாவிட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் சொல்லவில்லை. தெற்கே, கடலே இல்லாத ஊரில் மளிகைக் கடைக்காரர் மகன் நான். எனக்குத் தெரிந்த மீன் கருவாடு. கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவன்கூட ஊசியைப் பார்த்திருப்பான்.

வேலை தற்காலிகம். இன்ஸ்பெக்டர் வந்து வகுப்பைப் பார்த்து நல்லபடியாக எழுதினால் நிரந்தரம். இல்லையென்றால் ஊருக்குப் போய் அப்பாவின் கடையில் புளி நிறுக்க வேண்டும். அப்பா அதை ஆவலோடு எதிர்பார்த்துக் கடிதம் கடிதமாக எழுதிக்கொண்டிருந்தார்.

ஆகவே உழைத்தேன். முழ நீளக் கட்டைகள் ஐந்தைக் கயிற்றால் கட்டிக் கட்டுமரம் செய்தேன். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. இந்தப் பக்கம் கரை, அந்தப் பக்கம் கடல். காகிதத்தில் மீன் வெட்டி நானே கண் வரைந்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது என்ன மீன் என்று கேட்டார்கள். மீன் என்றேன். அதற்குமேல் கேட்டு என்னைச் சங்கடப்படுத்தவில்லை, நல்ல வளர்ப்பு.

ஒரே தொல்லை. விளையாட்டில் கரைக்கு வந்ததும் தினமும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாகச் சுவரில் சாத்திவிடுவார்கள். நான் தினமும் மறுபடி கட்டுவேன். குரங்கு கையில் பூமாலை என்று மனசுக்குள் திட்டினேன். இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள் பொறுமை போய், கட்டைகளைச் சேர்த்து நான்கு ஆணி அடித்தேன். இனி அவிழ்க்கட்டும் பார்க்கலாம் என்று நிம்மதியாக அறைக்குத் திரும்பினேன்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் முன்னால் பிள்ளைகள் கடலுக்குப் போனார்கள், வலை வீசினார்கள், என் மீன்களையும் பெருந்தன்மையோடு பிடித்தார்கள். கரைக்கு வந்ததும் ஒரு சிறுமி குந்தி உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தாள். கட்டை பிரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

"ஏன் உடைக்கிறே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒடைக்கல சாரு, பிரிக்கறேன். கடல்லேர்ந்து வந்தா கட்டைய பிரிச்சு காய வெக்கணும். இல்லாங்காட்டி ஊறிப் பூடும். நாளிக்கு ஏறுனா முயுகிப் பூடும்."

அவர் முகம் மலர்ந்து என் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொல்லிக்கொடுத்ததா?"

"ஆமாம் சார்" என்றேன். எனக்கே அது அந்த நிமிஷம்தான் தெரியும்.

"அப்புறம் ஆணி எதற்கு?"

"பிள்ளைகள் யாராவது விஷமத்துக்கு அடித்திருப்பார்கள் சார்."

இன்ஸ்பெக்டர் கைக்கு எட்டிய அந்தச் சிறுமியின் காதைப் பிடித்துத் திருகினார். அவள் அழவில்லை, என்னைப் பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கூசியதோடு சரி, வாயைத் திறக்கவில்லை. உள்ளூர்த் தொழிலை நுணுகி அறிந்த ஆசிரியர் என்று எழுதிவிட்டு அவர் போனார். அந்த எழுத்தில்தான் என் வேலை நிரந்தரமானது.

மாலை மணி அடித்ததும் குறடு வாங்கி வந்து ஆணிகளைப் பிடுங்க உட்கார்ந்தேன். வீட்டுக்குப் போகாமல் அந்தச் சிறுமி வந்து கட்டையை அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

"நான் பொய் சொன்னது தப்புதான்" என்றேன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"பொய் சொன்னா கடலு வுடாதுன்னு எங்க நைனா சொல்லும்" என்றாள். பிறகு, நான் பயந்துவிடக் கூடாதே என்று ஆறுதலும் சொன்னாள். "உனுக்கு இன்னா சாரு. நீதான் கடலுக்கே போவ மாட்டியே."