ஓட்டை போட்ட உருளை

அந்த உருளை போனதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. இடது முழங்கைக்குக் கீழே நாலு விரல் அகலத்துக்கு அது வைத்த தழும்பு இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், போய்த் தொலைந்தது என்றுதான் நினைத்துக்கொள்வேன். என் கோபம் உருளை மேல் இல்லை. என் கொழுந்தன் மேல்.

பாளையங்கோட்டையில் எங்களுக்குச் சேலை பாலிஷ் போடும் கடை. துவைத்த சேலையும் வேட்டியும் இந்தப் பக்கம் கசங்கிப் போகும், அந்தப் பக்கம் புதுசு போல வரும். நடுவில் இருப்பது சூடான இரும்பு உருளை. ஆள் நீளம், தண்ணீர்க் குடத்துப் பருமன். உள்ளே எண்ணெய், எண்ணெய்க்குள் மின்சாரக் கம்பி. சூடு வெளியே போகாமல் இரண்டு முனையிலும் ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார்க் கயிறு சுற்றியிருக்கும். என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் பாதிப் பாதியாகப் போட்ட கடை. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு அவர் பாதி எனக்கு.

எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். கொழுந்தன் காலேஜுக்குப் போனவர். ஆனால் உருளையை வைத்து வேலை வாங்கத் தெரிந்தது எனக்குத்தான். காலையில் சூடேறும்போதே பைய சுற்ற விட வேண்டும். கஞ்சி ஒட்டினால் மெழுகுத் துணியால் துடைக்க வேண்டும். கத்தியால் சுரண்டினால் அந்தக் கீறல் அப்புறம் வருகிற சேலைகளில் எல்லாம் விழும். சாயங்காலம் அணைத்த பிறகும் கை தாங்கும் சூடு வரும் வரை சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்டு போனால், ஆணியில் தொங்கும் கைப்பிடியை மாட்டிக் கையால் சுற்ற வேண்டும். சூட்டோடு நின்றுவிட்டால் உருளை வளைந்துவிடும். இதற்கு எந்தக் காலேஜும் வேண்டாம்.

போன கோடையில் ஒருநாள் கடைவாய்ப்பல் பிடுங்கப் போயிருந்தேன். வாய் நிறையப் பஞ்சோடு திரும்பி வந்தால் தெருவில் கரண்டு இல்லை. உருளை கொதிக்கக் கொதிக்க அப்படியே நிற்கிறது. கைப்பிடி ஆணியில் தொங்குகிறது. கொழுந்தன் வாசலில் நாற்காலி போட்டுப் போன் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"வாங்க மைனி, பல்லு வந்துட்டா?" என்றார்.

பஞ்சை வைத்துக்கொண்டு என்ன திட்ட முடியும்? கைப்பிடியைக் காட்டினேன்.

"இப்ப வந்துரும் மைனி, கரண்டு. எதுக்குப் பறக்குதீங்க?"

மறுநாள் முதல் சேலையிலேயே தெரிந்துவிட்டது. உருளை ஒரு சுற்று வரும்போதெல்லாம் துணியில் ஒரு பட்டை சுருங்கி வந்தது. ஒரு முனையில் எண்ணெயும் கசிந்தது. பேட்டையிலிருந்து வந்த மெஷின் பிட்டர் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இனிமே இது ஆகாது ஆச்சி. வளைஞ்சிட்டு. கடைசலுக்குக் கொடுத்தா மெலிஞ்சு போவும். மாத்திருங்க."

எண்ணெய் இல்லாத புது உருளை வந்தது; அதுவும் சூட்டோடு நிற்கக் கூடாது. பழையது கொல்லையில் சாக்கு போர்த்திக் கிடந்தது. அதை எப்படி அப்புறப்படுத்துவது என்று பிட்டர் எங்கள் இரண்டு பேரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார். எண்ணெயைத் தகரத்தில் வடித்து, கழிவு எண்ணெய் எடுக்க அனுமதி உள்ளவரிடம் கொடுக்க வேண்டும். சாக்கடையில் ஊற்றக் கூடாது. கல்நார்க் கயிற்றைக் காய்ந்தபடி பிய்க்கவே கூடாது. அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. ஈரமாக்கி எடுத்து, இரட்டைப் பையில் கட்டி, அபாயக் கழிவு வண்டியில்தான் அனுப்ப வேண்டும். மூடிய உருளையில் கேஸ் வெல்டிங் நெருப்பு பட்டால் உள்ளே நிற்கும் எண்ணெய் ஆவி வெடித்துவிடும். எழுதிவைக்கத் தெரியாததால் நான் காதால் பிடித்துக்கொண்டேன். கொழுந்தன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டினார்.

பத்து நாள் கழித்து உடன்குடிக்காரர் ஒருவர் கொல்லையில் நின்று உருளையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கருப்பட்டி காய்ச்சுகிறவர். கொழுந்தன்தான் கூட்டி வந்திருந்தார்.

"நல்ல கனம் அண்ணாச்சி. நீளவாக்குல அறுத்தா ரெண்டு தாச்சி ஆவும்" என்றார் அவர். தாச்சி என்றால் பதனீர் காய்ச்சுகிற பெரிய சட்டி.

அந்த எண்ணெய் சொட்டின தரையில் சீனி கொட்டினால்கூட எறும்பு வராது.

"இது என்ன உருளைன்னு சொன்னாவ உமக்கு?" என்று கேட்டேன்.

"வெறும் தண்ணி ஆவியில ஓடினதுன்னு சொன்னாவ ஆச்சி."

கொழுந்தனைப் பார்த்தேன். அவர் கொல்லை முருங்கையைப் பார்த்தார். முனையில் இருந்த திருகாணியை லேசாகக் கழற்றி, கசிந்ததை உடன்குடிக்காரர் விரலில் தடவிவிட்டேன். மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அத்தனை கனத்த இரும்பு.

"கழுவிக்கிடுவோம் ஆச்சி. புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சா எதுவும் நிக்காது. என் வீட்டுக்காரி தேய்ச்சா கண்ணாடி கெணக்கா இருக்கும். அவதான நாள் பூரா குனிஞ்சு நின்னு கிண்டுதா."

"நெருப்புல காயுத இரும்புல என்ன மைனி நிக்கும்?" என்று கொழுந்தன் குறுக்கே விழுந்தார். "நீங்க போய் மெழுகுத் துணியப் பாருங்க. வெள்ளிக்கிழமை வண்டி கொண்டாங்க அண்ணாச்சி."

உடன்குடிக்காரர் போன பிறகு கொழுந்தனிடம் கேட்டேன். "இங்கன பாரும். அந்தக் கருப்பட்டிய உம்ம பேத்திக்குக் கொடுப்பீரா?"

"உடன்குடியில காய்ச்சுதது நம்ம வீட்டுக்கா வரப்போவுது?" என்றார். கொஞ்சமும் கூசவில்லை.

உடன்குடிக்காரர் வீட்டுக்காரியை நான் பார்த்தது கிடையாது. ஆனாலும் இந்த உருளையைப் புளி போட்டுத் தேய்ப்பதும், அதன் புகையில் குனிந்து நிற்பதுமாக அவள் என் கண்ணிலேயே நின்றாள். புதன்கிழமை கொழுந்தன் ராதாபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். நான் பிட்டருக்குப் போன் போட்டேன்.

பிட்டர் மூக்கையும் வாயையும் இறுக்கிக் கட்டி, கயிற்றை நனைத்து எடுத்துப் பையில் கட்டினார். எண்ணெய் தகரத்துக்குப் போனது. இரண்டு பக்க மூடியையும் நெருப்பு வைக்காமல் திருகாணியைக் கழற்றித் திறந்து, உள்ளே துணி விட்டுத் துடைத்தார். பிறகு துளைபோடும் மெஷினைக் காட்டி, "இதால ஓட்டை போடும்" என்றேன்.

"எத்தனை ஆச்சி?"

"சாணுக்கு ஒண்ணு. சுத்திலும். இதுல ஒருத்தனும் ஒரு செம்புத் தண்ணி ஊத்தி வைக்கக் கூடாது."

அவர் சிரித்துக்கொண்டே துளைத்தார். துளைக்கும் முனை சூடாகாமல் நான் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினேன்.

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. உடன்குடிக்காரர் சாக்கை விலக்கிப் பார்த்தார். ஓட்டைக்குள் விரல் விட்டுப் பார்த்தார்.

"என்ன ஆச்சி, இடியாப்பமா பிழியப் போறிய?"

"உம்ம வீட்டுக்காரிகிட்டப் போய்ச் சொல்லும், இந்த ஆச்சி ஒரு சட்டியக் கெடுத்துட்டான்னு. எதுக்குன்னும் சொல்லும்."

அவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கொழுந்தனிடம், "ஆவின்னு சொன்னீரே வே" என்று மட்டும் கேட்டுவிட்டு வெறும் வண்டியோடு போனார்.

கொழுந்தன் என்னிடம் குதித்தார். "வித்த பொருளு மைனி! யாரக் கேட்டு ஓட்டை போட்டிய?"

"என் பாதியிலதான் போட்டேன். உம்ம பாதியும் அதுலயே ஒட்டிக்கிட்டுக் கெடந்துது. நான் என்ன செய்ய?"

உருளை இரும்பு உருக்கும் ஆலைக்குப் போனது. பையும் தகரமும் போக வேண்டிய இடத்துக்குப் போயின. கொழுந்தன் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. எனக்கும் சௌகரியம்தான். கரண்டு போனால் கைப்பிடியை எடுத்து அவர் மடியில் போடுகிறேன். எழுந்து சுற்றுகிறார்.

கருப்பட்டி வாங்கப் போகும்போது மட்டும், எந்தச் சட்டியில் காய்ச்சியது என்று கடைக்காரரைக் கேட்கிறேன். கிழவிக்குக் கிறுக்கு என்று அவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். இந்த ஊரில் பழைய உருளை வைத்திருந்தது நாங்கள் மட்டும் இல்லை.