அடி வாங்கப் பழகின நாற்பது நாள்

காலையில ஆறரைக்குக் கம்பெனி வேன் ஏறினதும் ஒரு காதுல இயர்போன் மாட்டிப்பேன். ஆம்பூர் ஷூ கம்பெனியில மேல்தோல் தைக்கிற செக்‌ஷன்ல பதினோரு வருஷமா வேலை செய்யறேன். வேன்ல மத்தவங்க தூங்குவாங்க. நான் எங்க சர்ச் பாஸ்டரம்மா அனுப்பற வாய்ஸ் மெசேஜ் கேப்பேன். என் வயசுதான் அவங்களுக்கு. அமெரிக்காவுல அடிமையா வித்த கறுப்பு ஜனங்களோட கதையில தினம் ஒண்ணு சொல்வாங்க, கடைசியில ஒரு வசனம், ஒரு ஜெபம்.

சங்கிலி போட்டுக் கப்பல்ல அடைச்சது, முதுகுத்தோல் உரியச் சாட்டையால அடிச்சது, பருத்திக் காட்டுல அவங்க பாடின பாட்டு. பாதிப் பாட்டு ஆத்தைக் கடக்கிறதைப் பத்தித்தான் இருக்கும். "நம்ம பாலாத்தைக் கடக்கப் பாட்டு இன்னாத்துக்குங்க, செருப்பு இருந்தா போதும்"னு நான் பதில் அனுப்புவேன். ஆனா உண்மையைச் சொல்றேன், அந்தக் குரலைக் கேக்காத நாள்ல ஊசி உடையும், மனசு பேஜாராயிடும். எனக்கு ரொம்பப் பிடிச்சவ ஒரு பொம்பளை. தான் தப்பிச்சதோட நிக்காம, திரும்பத் திரும்பப் போய்த் தன் ஜனத்தைக் காட்டுவழியா கூட்டிட்டு வந்தவ. அவகிட்ட துப்பாக்கி இருந்துச்சாம். அதனாலதான் பிடிக்கும். எனக்குக் கோவம் ஜாஸ்தி. புருஷன் குடிச்சிட்டு அடிச்சப்ப ஒரு வருஷம் பொறுத்தேன், அப்புறம் திருப்பி அடிச்சேன். அவன் போய்ட்டான். எனக்கு ரெண்டு பொண்ணுங்க, கூட என் தம்பி.

எங்க காலனி சர்ச்சுல குருத்தோலை ஞாயிறு பவனி எப்பவும் ஊருக்குப் பின்னாடி, தோல் பதனிடற ஷாப்போட கழிவுத்தண்ணி ஓடற கால்வாய் ஓரமாத்தான் போகும். ஓசன்னா பாடிக்கிட்டே மூக்கைப் பொத்திக்கணும். ஊர்க்காரங்க இருக்கற பெரிய தெருவுல நாங்க போகக்கூடாதுன்னு எங்கயும் எழுதி வைக்கலை, ஆனா போனா என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும். இந்த வருஷம் பெரிய தெருவுலதான் போறதுன்னு சபையில முடிவாச்சு.

எனக்குப் பயமெல்லாம் தம்பியை நினைச்சுதான். கான்ஸ்டபிள் பரீட்சை பாஸாகி, ஓட்டம், கயிறு ஏறுறது எல்லாம் முடிச்சிட்டு வெரிஃபிகேஷனுக்குக் காத்துட்டிருந்தான். பேர்ல ஒரு கேஸ் விழுந்தா வேலை போச்சு. "நீ வராதடா"ன்னேன். "நான் வராம வேற யாரு வருவாக்கா"ன்னான்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து ஆரம்பிச்ச வாரம் ஒரு மெசேஜ் வந்துச்சு. அந்த நாட்டுல கறுப்பு ஜனத்துக்குச் சோறு போடாத ஓட்டலுங்கள்ல போய் உக்கார்றதுக்கு முன்னாடி, படிக்கிற பசங்க அதுக்குப் பழகினாங்களாம். கூடப் பழகறவங்களே கெட்ட வார்த்தையில திட்டுவாங்களாம், மூஞ்சியில சிகரெட் புகை ஊதுவாங்களாம், நாற்காலியை இழுத்துத் தள்ளுவாங்களாம். கை ஓங்காம உக்காந்திருக்கணும். "நாமளும் பழகலாம்"னு பாஸ்டரம்மா முடிச்சிருந்தாங்க.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் சர்ச்சுக்குள்ள ஒரு பெஞ்சு போட்டாங்க. "ஊர்க்காரனா யார் நடிக்கறது?"ன்னு கேட்டாங்க. எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன்.

முதல்ல உக்காந்தது தம்பி. அவன் முன்னாடி நின்னு வாயைத் திறந்தேன். அந்த வார்த்தைகளை இங்க எழுத மாட்டேன். எங்கம்மாவைப் பார்த்துச் சொன்னது, பள்ளிக்கூடத்துல என்னைப் பார்த்துச் சொன்னது, டீக்கடையில எங்கப்பாவைப் பார்த்துச் சொன்னது. ஒண்ணுகூடத் திக்கலை, வேதவசனம் மாதிரி மனப்பாடமா வந்துச்சு. ஆறின டீயை அவன் தலையில ஊத்தினேன். கன்னத்துல ஒண்ணு விட்டேன். சிரிச்சான். இன்னும் பலமா விட்டேன். சிரிப்பு நின்னுபோச்சு, உதடு கிழிஞ்சு ரத்தம் வந்துச்சு. பாஸ்டரம்மா "போதும், போதும்"னு என் கையைப் பிடிச்சாங்க. எனக்குப் போதலை. அந்த அஞ்சு நிமிஷம் எனக்கு நல்லா இருந்துச்சு. அதைச் சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, ஆனா நடந்தது அதுதான்.

வாராவாரம் பழகினோம். ஆர்கன் வாசிக்கிற பெரியவர்லேர்ந்து காலேஜ் பொண்ணுங்க வரைக்கும் என்கிட்ட அடி வாங்கினாங்க. கடைசி வாரத்துல ஒருத்தர்கூடக் கண்ணை மூடலை. தம்பி மடியில கை வெச்சுக்கிட்டுக் கல்லு மாதிரி உக்காந்திருப்பான். அந்தப் பெஞ்சுல நான் மட்டும் ஒரு நாள்கூட உக்காரலை. யாருக்கும் தோணலை, எனக்கும் தோணலை.

குருத்தோலை ஞாயிறு அன்னைக்குப் பெரிய தெருவுல அறுபது பேர் போனோம். மாவு மில்லு வளைவுல ஊர்க்காரங்க நின்னுட்டிருந்தாங்க. முதல் கல்லு எங்க சிலுவைமேல பட்டுச்சு, ரெண்டாவது பெரியவர் தோள்ல. வீடியோ எடுத்தவங்க போனைப் பிடுங்கித் தரையில அடிச்சாங்க. தடியால தம்பி புருவத்துல அடிச்சதுல ரத்தம் கண்ணை மறைச்சுது. விழுந்தவனை வயித்துலயே மிதிச்சாங்க. எழுந்தான், கையைக் கட்டிக்கிட்டு நின்னான், திரும்பவும் மிதிச்சாங்க. ஒருத்தரும் கை ஓங்கலை. பாட்டு மட்டும் நிக்கலை, அழுகையும் பாட்டுமா போய்ட்டிருந்துச்சு.

அப்ப ஒருத்தன் என் முடியைப் பிடிச்சு இழுத்தான். எங்க கம்பெனியில செக்கர், முந்தாநாள்கூட என் தையலைப் பார்த்து ஓகே சொன்னவன். வெள்ளிக்கிழமைதோறும் நான் சொன்ன அதே வார்த்தையை என் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுத் துப்பினான். எச்சில் என் வாய்க்குள்ள போச்சு.

கீழ கிடந்த செங்கல் துண்டு எப்படி என் கைக்கு வந்துச்சுன்னு தெரியலை. அவன் வாயிலயே போட்டேன். விழுந்தவன்மேல ஏறி இன்னொண்ணு போட்டேன். பாஸ்டரம்மாவும் தம்பியும் இழுத்துத்தான் என்னைப் பிரிச்சாங்க. போலீஸ் ஜீப்பு அதுக்கப்புறம்தான் வந்துச்சு.

ஸ்டேஷன்ல அவன் வாயில துண்டை அமுக்கிக்கிட்டு உக்காந்திருந்தான். "யார் அடிச்சது?"ன்னு இன்ஸ்பெக்டர் கேட்டார். "நான்தான் சார்"னு செங்கல் கிழிச்ச உள்ளங்கையைக் காட்டினேன்.

அவர் அவனைப் பார்த்தார். "இன்னாய்யா, ஒரு பொம்பளையா உன் பல்லைத் தட்டினா?"

சுத்தி நின்ன போலீஸ்காரங்க சிரிச்சாங்க. அவனுக்குக் காது வரைக்கும் செவந்துபோச்சு. விரலை நீட்டித் தம்பியைக் காட்டினான்.

"பொய்யி சார்! இவன் கையைக்கூட எடுக்கலை சார்!"னு கத்தினேன். தம்பி எழுந்து நின்னான். "ஆமா சார், நான்தான் அடிச்சேன்."

"லூசாடா நீ?"ன்னு சட்டையைப் பிடிச்சு உலுக்கினேன். அவன் குனிஞ்சு என் காதுல சொன்னான்: "பொண்ணுங்க தனியா இருக்காங்க. வீட்டுக்குப் போக்கா."

ரைட்டர் அவன் பேரை எழுதிட்டார். அன்னைக்கே வேலூர் ஜெயிலுக்குக் கொண்டு போய்ட்டாங்க.

மறுநாள் காலையில வேன்ல மெசேஜ் வந்துச்சு. ஜெயிலுக்குள்ள ராப்பகலாப் பாடின கறுப்பு ஜனங்களோட கதை. பாதியிலேயே நிறுத்தினேன். அப்புறம் அவன் உள்ள இருந்த பதினஞ்சு நாளும் அதையேதான் போட்டுப் போட்டுக் கேட்டேன். ஜெயிலுக்குப் போனவங்களைப் பத்தி எல்லாம் இருக்கு, அவங்க அக்காங்க வீட்ல இன்னா பண்ணிட்டிருந்தாங்கன்னு அதுல இல்லை.

பெயில்ல வந்தவனைக் கூட்டிக்கிட்டு வேலூர்லேர்ந்து பஸ் ஏறினேன். மன்னிப்புக் கேக்க இருபது விதமா யோசிச்சு வெச்சிருந்தேன். அவன்தான் முதல்ல பேசினான்.

"நிஜமாவே மூணு பல்லாக்கா?"

"மூணு."

"முன்பல்லா?"

"ரெண்டு முன்பல்லு."

கண்டக்டர் திரும்பிப் பாக்கற அளவுக்குச் சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே முன்சீட்டுக் கம்பியில நெத்தியை வெச்சு அழ ஆரம்பிச்சான். பள்ளிகொண்டா தாண்டியும் நிறுத்தலை.

"எனக்கு அந்தப் போலீஸ் வேலை வேணும்க்கா"ன்னான்.