ஜெனரேட்டர் வைக்க ஓர் இடம்

பண்ணை ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் தராசு. முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள், ஆனால் அவருக்குத் தெரியும். மண்வெட்டிக்குக் காம்பு வாங்கப் போனால் நான்கைந்தைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் திரும்பி வருவார். அவர் வாங்கிய எதுவும் சீக்கிரம் கெட்டதில்லை என்பதும் உண்மை. அவருடைய குஞ்சு பொரிப்பகத்தின் இன்குபேட்டர்கள் பழசாகியும் சூடு ஏறாமல் இறங்காமல் நிற்கின்றன.

கல்யாணத்தை மட்டும் அவர் சட்டென்று முடித்துக்கொண்டார் என்பார்கள். அதையும் அவர் முடிக்கவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்தவரை, "உட்கார்ந்தே யோசிங்க, நான் எங்கயும் போகல" என்று அந்தப் பெண்தான் உட்கார வைத்தாள்.

முட்டையை விளக்குக்கு நேரே பிடித்து உள்ளே உயிர் ஓடுகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. அவர் ஒரு முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து முடிப்பதற்குள் அவள் ஒரு தட்டையே முடித்துவிடுவாள். குஞ்சுகளை எடுத்த பிறகு தட்டுகளைத் தட்டி அறையைப் பெருக்குவதும் அவள்தான். மஞ்சள் தூசி பறக்கும். வருடக்கணக்கில் பறந்தது. அது நுரையீரலுக்குள் போய்த் தங்கி, அந்த இடமெல்லாம் தடித்துப்போயிருக்கிறது என்று டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். அவர் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"அதுல குஞ்சு ஒண்ணும் தெரியாது, குடுத்துடுங்க" என்றாள் அவள்.

மூக்கில் குழாய் இல்லாமல் இனி அவளால் இருக்க முடியாது. ஆனால் அதற்காக ஆஸ்பத்திரியிலேயே கிடக்க வேண்டியதில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்றை வீட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அது கரண்டில் ஓடுவது.

"உங்க பக்கம் கரண்ட் எப்படி?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"போனா அரை நாள் போகும்."

"சிலிண்டர் அவ்வளவு நேரம் தாங்காது. மாத்து ஏற்பாடு பண்ணிட்டு வாங்க, அன்னைக்கே அனுப்பிடறேன்."

அவர் நேரே ஜெனரேட்டர் கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரு மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, எதெல்லாம் ஓடவேண்டும் என்று கேட்டார். வீட்டில் ஆக்சிஜன் மெஷின், விசிறி, விளக்கு. பண்ணையில் இன்குபேட்டர், கிணற்று மோட்டார்.

"மோட்டார்தான் வில்லங்கம். ஓடும்போது சாதுவா இருக்கும். கிளம்பும்போது மூணு மடங்கு கேட்கும். சின்ன மெஷின்னா அந்த நேரம் வோல்டேஜ் விழுந்துடும்."

"விழுந்தா?"

"பல்பு மங்கும். உங்க ஆக்சிஜன் மெஷின் கத்தும். நின்னாலும் நின்னுடும்."

"அப்போ பெருசு."

"ஏழரை கேவிஏ போதும். ஆனா மோட்டார் ஓடாத நேரம் அதுக்கு வேலையே இருக்காது. சும்மா ஓடினா டீசல் சரியா எரியாது, கரி பிடிக்கும். பேசாம வீட்டுக்கு ஒண்ணு, பண்ணைக்கு ஒண்ணுன்னு ரெண்டா எடுத்துக்கங்க."

இரண்டு என்றால் இரண்டையும் பராமரிக்க வேண்டும். அவர் பண்ணையில் இருக்கும்போது வீட்டு மெஷின் நின்றால் யார் பார்ப்பது? அவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தார்.

வார்டில் அவளிடம் எல்லாவற்றையும் விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"ஏழரையா? நமக்கு இருக்கிற ஏழரை பத்தாதுன்னு காசு குடுத்து வேற வாங்கணுமா?"

"விளையாடாத."

"எதையாவது வாங்கித் தொலைங்க. இங்க வார்டு முழுக்க இருமுது. வீட்டுல நான் ஒருத்திதான் இருமுவேன், நிம்மதியா இருக்கும்."

பெரியது ஒன்றே போதும், வேலையில்லாத நேரத்தில் இன்குபேட்டர் ஹீட்டரை அதில் போட்டுவிட்டால் கரி பிடிக்காது என்று அவர் கண்டுபிடித்தபோது, வைக்கும் இடம் பிரச்சினையானது. ஜெனரேட்டர் புகை விடும். அவளுக்குத் தூசியே ஆகவில்லை, புகை எப்படி ஆகும்? தள்ளி வைத்தால் நீளமான ஒயரில் வோல்டேஜ் குறையும். கிட்டே வைத்தால் ஜன்னல் வழியாகப் புகை வரும். ஒரு குச்சியில் கிழிந்த லுங்கித் துண்டைக் கட்டிப் பின்பக்கம் நட்டார். காலையில் துணி வயலைப் பார்த்துப் பறந்தது. சாயங்காலம் அவள் ஜன்னலைப் பார்த்துப் பறந்தது. குச்சியைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டார். ஒவ்வொரு இடத்திலும் ஓரிரு நாள் பார்த்தால்தானே தெரியும்.

அவளுடைய தம்பி வந்து இந்தக் குச்சியைப் பார்த்தான்.

"என்ன மாமா, கொடியேத்திட்டீங்க?"

"காத்து பார்க்கிறேன்."

"ஒண்ணு சொல்லவா? வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர் இருக்கு. சாயங்காலமே வண்டியில ஏத்திட்டு வந்துடறேன். அக்கா முதல்ல வீட்டுக்கு வரட்டும். நீங்க நிதானமா உங்க மெஷினைப் பாருங்க."

"புகை?"

"ஜன்னலைச் சாத்திக்கலாம்."

"சாத்தினா மூச்சு முட்டுதும்பா."

"மாமா, அவ அங்க சுவரைப் பார்த்துக்கிட்டுக் கிடக்கறா."

"வாடகை மெஷினை எவன் எவன் எப்படி ஓட்டினானோ. நடுவுல நின்னா?"

நின்னா என்று கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்? தம்பி போய்விட்டான்.

கடைசியில் பொரிப்பகத்துக்குப் பின்னால், துணி எந்த நேரத்திலும் வீட்டுப் பக்கம் திரும்பாத ஓர் இடம் கிடைத்தது. அங்கே கான்கிரீட் மேடை போட்டார். மேடை இறுகும்வரை தண்ணீர் ஊற்றினார். கனமான செப்பு ஒயர் வாங்கிக் குழாய்க்குள் விட்டுப் புதைத்தார். ஜெனரேட்டர் வந்து இறங்கியதும் புகைக்குழாயை உயரமாக ஏற்றி, வயல் பக்கம் திருப்பி வைத்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷினும் வந்துவிட்டது.

மெயினை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தார். தம்பி கிணற்று மோட்டாரைப் போட்டான். அறையில் பல்பு கண் சிமிட்டிவிட்டு நிமிர்ந்தது. ஆக்சிஜன் மெஷின் கத்தவில்லை. அவர் கட்டிலில் உட்கார்ந்து குழாய் முனையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். காற்று சீராக வந்தது. ஜன்னலருகே போய் மோந்தார். புகை இல்லை.

உடனே சட்டையை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

அவள் மூக்குக் குழாய் போய் முகம் மூடும் மாஸ்க் வந்திருந்தது. டாக்டரம்மா அவரை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார்.

"வீட்டு மெஷின் குடுக்கிற அளவு இனிமே அவங்களுக்குப் பத்தாது."

"பெரிய மெஷினா வாங்கிடறேன். ஜெனரேட்டர் இழுக்கும், ஏழரை போட்டிருக்கேன்."

"கரண்ட் பிரச்சினை இல்லைங்க. இப்போ தேவைப்படற அளவுக்கு வீட்டுல வைக்கற மெஷினே கிடையாது."

அவர் சுவரிலிருந்த சுவிட்சுப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்னப்பவே கூட்டிட்டுப் போயிருந்தா?"

"நோய் நின்னிருக்காது. திரும்ப இங்கதான் வந்திருப்பீங்க" என்றார் டாக்டரம்மா. "இந்த நாளெல்லாம் வீட்டுல இருந்திருப்பாங்க, அவ்வளவுதான்."

வார்டுக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"வந்துடுச்சா?" என்று மாஸ்க்குக்குள்ளிருந்து கேட்டாள்.

"வந்துடுச்சு. மேடை போட்டு, ஒயர் புதைச்சு எல்லாம் முடிஞ்சது."

"டாக்டரம்மா சொல்லிட்டாங்க. காலையிலேயே." மூச்சு வாங்கிக்கொண்டாள். "உங்க தம்பிகிட்ட மெஷினை ஓட்டச் சொல்லுங்க. கேட்கிறேன்."

"யார் தம்பி?"

"என் தம்பிதான். நான் தப்பாப் பேசினா உடனே திருத்தணுமா? போன் போடுங்க."

அவர் போன் போட்டார். தம்பியிடம் ஜெனரேட்டரை ஓட்டி, பிறகு மோட்டாரையும் போடச் சொல்லிவிட்டு, ஸ்பீக்கரில் போட்டு அவள் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். முதலில் தம்பி நடக்கும் செருப்புச் சத்தம். பிறகு மெஷினின் ஒரு செருமல். பிறகு ஒரே சீராக ஓடத் தொடங்கியது. அடுத்த கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள்.

"மோட்டார்" என்றாள் அவள்.

"போடச் சொல்லியிருக்கேன்" என்றார் அவர்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சத்தம் கனத்து இறங்கியது. அவள் விரலைத் தூக்கினாள். சத்தம் இறங்கிய இடத்திலிருந்து மெல்ல ஏறிப் பழையபடி சீரானது. விரலை இறக்கினாள்.

"தூக்கிடுச்சு. நல்லதாத்தான் வாங்கியிருக்கீங்க."

அவர் படுக்கை விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார். ஒரே இடத்தையே நீவினார்.

"போதும், நிறுத்தச் சொல்லுங்க. டீசல் வீணாகுது."

"நிறுத்துப்பா" என்றார் போனைப் பார்த்து.

"என்ன மாமா? இந்தச் சத்தத்துல ஒண்ணும் கேட்கல!"

"நிறுத்து."

"இன்னும் ஓடட்டுமா? சரி, ஓடட்டும்!"

வார்டில் கத்த முடியாது. அவள் சிரித்தாள், மாஸ்க் மூச்சுக்காற்றில் உள்ளே வெளுத்தது. அவர் போனை எடுக்கக் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.