ஊக்கு மட்டும்தான் பாக்கி

"ஊக்கு வைக்கிறது மட்டும்தான் பாக்கி, நாளைக்கு வாங்க." முப்பது வருடமாக தி.நகர் சந்து ஒன்றில் தையல் கடை வைத்து நான் சொல்லிவரும் பொய் இது ஒன்றுதான். அப்படிப்பட்ட என் கடைக்குப் போன ஆடியில் போலீஸ் வந்தது.

ஃபால்ஸ் தைக்கக் கொடுத்த பட்டுப்புடவையின் மடிப்பில் தங்கச் சங்கிலி இருந்ததாம், அதை நான் எடுத்துக்கொண்டேனாம். ஒரு வாடிக்கைக்கார அம்மா புகார் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றார். பெண் எஸ்.ஐ., கோர்ட் கொடுத்த சோதனை வாரண்டைப் படித்துப் பார்க்கச் சொன்னார். எழுத்தெல்லாம் கண்ணீரில் கலங்கியது. ஆவணி முகூர்த்தங்கள் வரப்போகிற நேரம். பெயர் கெட்டால் எவள் என்னை நம்பித் துணி கொடுப்பாள்?

"அக்கம்பக்கத்துல ரெண்டு பேர் சாட்சி வேணும்மா. அவங்க கண்ணு முன்னாடிதான் தேடுவோம்" என்றார் எஸ்.ஐ.

ஜெராக்ஸ் கடைக்காரர் வந்தார். இரண்டாவது ஆள், ஐயோ, எதிரில் பூ விற்கும் அக்கா! மார்கழியில் கொடுத்த பச்சை ரவிக்கைத் துணிக்காக என்னைத் தினமும் திட்டித் தீர்ப்பவள்.

ஒரு கான்ஸ்டபிள் செல்போனில் வீடியோ எடுக்க, எஸ்.ஐ. தன் பாக்கெட்டுகளை வெளியே இழுத்துக் காட்டினார். "முதல்ல எங்களைச் சோதிச்சுக்குங்க. நாங்களே கொண்டுவந்து வெச்சோம்னு பேச்சு வரக் கூடாது." பூக்கார அக்கா விடுவாளா? கான்ஸ்டபிளின் தொப்பியைக்கூடக் கழற்றிக் காட்டச் சொன்னாள். அந்த அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அலமாரி, நூல் டப்பா எல்லாம் பார்த்தார்கள். தொலைந்துபோன என் நல்ல கத்தரிக்கோல் கிடைத்தது, சங்கிலி இல்லை. கடைசியாக மேஜைக்கு அடியில் இருந்த மூட்டையைப் பிரித்தார்கள். மேலாகவே கிடந்தது பச்சைத் துணி, மடிப்புக் கலையாமல்.

"இன்னாம்மா இது! ஊக்குதான் பாக்கின்னே, கத்திரியே படல!"

சந்தே சிரித்தது. எனக்கு மானமே போய்விட்டது. அந்த அம்மா வாசலிலிருந்து, "பாத்தீங்களா மேடம்? இப்படிப் புளுகறவ சங்கிலியை எடுக்க மாட்டாளா?" என்றார்.

பூக்கார அக்கா சட்டென்று திரும்பினாள். "இந்தாம்மா, இது டைமுக்குத் துணி தராது. வாயத் தொறந்தா பொய்யு. ஆனா அடுத்தவங்க பொருள்ல கை வெக்காது. பத்து வருசமா கல்லாப் பையக்கூட இதுகிட்டதான் வுட்டுட்டுச் சாப்புடப் போறேன்!"

'ஒன்றும் கைப்பற்றப்படவில்லை' என்று எழுதிய மகஜரில் முதல் கையெழுத்து அவளுடையது. அதன் நகல் ஒன்றை எனக்கும் கொடுத்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறேன்.

சங்கிலி நான்கு நாள் கழித்து அந்த அம்மா வீட்டு அரிசி டப்பாவிலேயே கிடைத்தது. ஊருக்குப் போகும்போது ஒளித்துவைத்து மறந்திருக்கிறார். அசடு வழிய வந்து மன்னிப்புக் கேட்டு, இரண்டு ரவிக்கைத் துணியும் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் அதுவரை காத்திருக்கவில்லை. போலீஸ் போன அன்று சாயங்காலமே பச்சை ரவிக்கையைத் தைத்து முடித்து, எதிரே கொண்டுபோய் நீட்டினேன். பூக்கார அக்கா அதை உள்புறமாகத் திருப்பி, தையலை இழுத்துப் பார்த்து, ஊக்குகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். பக்கத்திலேயே இருக்கும் தன் வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் நிறத்துக்கு அப்படி ஒரு அழகு!

"சோக்கா கீது. கைதான் கொஞ்சம் டைட்டு. பிரிச்சுக் குடு."

"அதுக்கென்ன அக்கா," என்றேன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு வாங்க."